தோட்டத்து வெங்காயம் அடுக்களைக்குச் செல்லும் வழி

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. கணக்குப் பார்ப்பதே வீண் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உளர். ஆயினும், செய்கைச் செலவை மட்டும் கணக்கிட்டு, விற்பனைச் செலவைக் கணக்கிடாது விடுவதும் உழக்கு மிஞ்சாமைக்கு ஒரு காரணமாகும். விதை வெங்காயம், உரம், நீரிறைப்பு, கூலி ஆகியவற்றின் செலவை எழுதி வைக்கும் கமக்காரர் பலர், விளைந்த பொருள் தம் கையைவிட்டு நீங்கிய பின்னர் எவரெவர் கைக்குச் செல்கின்றது, ஒவ்வொரு கையிலும் அதன் விலை ஏன் உயர்கின்றது என்பவற்றைக் கவனிப்பதில்லை. அதனை விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சின்ன வெங்காயத்தை இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

பொருள் செல்லும் மூன்று வழிகள்

முதலாவது, கமக்காரர் தாமே நுகர்வோருக்கு விற்பது. கிராமச் சந்தையிலும் தெருவோரத்திலும் இவ்வாறு விற்கலாம். நுகர்வோர் கொடுக்கும் விலை முழுவதும் உங்களைச் சேரும். ஆனால், சில பிடி வெங்காயத்தை விற்க ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடும்.

இரண்டாவது, சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, சாவகச்சேரி போன்ற சந்தைகளுக்குக் கொண்டு சென்று வியாபாரிகளுக்கு விற்பது. அவர்களிடமிருந்து சில்லறைக் கடைக்காரர் வாங்க, கடைக்காரரிடமிருந்து நுகர்வோர் வாங்குவர்.

மூன்றாவது, தூர இடங்களுக்குச் செல்லும் நீண்ட வழி. தோட்டத்துக்கு வந்து வாங்குபவர் பல தோட்டங்களின் வெங்காயத்தைச் சேர்த்து லொறியில் ஏற்றுவார். அது கொழும்புக்கோ தம்புள்ளைக்கோ செல்லும். தம்புள்ளை, கண்டி–யாழ்ப்பாண வீதியும் திருகோணமலைக்குச் செல்லும் வீதியும் சந்திக்கும் இடமாதலால், 1999ஆம் ஆண்டில் அங்கு பொருளாதார மத்திய நிலையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி ஆகியோரைக் கடந்தே பொருள் நுகர்வோரை அடையும்.

இடைநிற்போர் செய்யும் வேலை

இடைநிற்போர் யாவரும் உழைப்பின்றி இலாபம் பெறுகின்றனர் என்று கூறுதல் பொருந்தாது. சிறு சிறு தொகைகளைச் சேர்த்தல், தரம் பிரித்தல், சாக்கிலிடுதல், ஏற்றி இறக்குதல், பணம் முடக்குதல், வழியில் அழுகினால் நட்டத்தைத் தாங்குதல் ஆகிய வேலைகளை எவரேனும் செய்தேயாக வேண்டும். இடைநிற்பவரை நீக்கலாம், அவர் செய்யும் வேலையை நீக்க முடியாது. அவ்வேலையை நீங்கள் ஏற்றால் அதன் ஊதியமும் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது.

வழியின்றி விளைச்சலுக்கு மதிப்பில்லை என்பதை வட பகுதி மக்கள் பட்டறிந்தவர்கள். போர்க்காலத்தில், 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏ9 வீதி மூடப்பட்டபோது, தென்பகுதிச் சந்தைகளுக்கான தரைவழி அற்றுப்போயிற்று. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்து வீதி திறக்கப்பட்ட பின்னரே அவ்வழி மீண்டும் கிடைத்தது.

ஓர் உதாரணக் கணக்கு

உங்களிடம் 500 கிலோ வெங்காயம் இருப்பதாகக் கொள்வோம். கீழ்வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

தோட்டத்தில் கிலோ 200 ரூபாவாக விற்றால் 1,00,000 ரூபா கிடைக்கும்.

அதையே காயவிட்டுத் தரம் பிரித்துச் சந்தைக்குக் கொண்டுசென்றால், 25 கிலோ குறைந்து 475 கிலோ எஞ்சும். சந்தை விலை கிலோ 260 ரூபாவாயின் பெறுமதி 1,23,500 ரூபா. சாக்கு, லொறிக் கூலி 6,000 ரூபாவும் ஆட்கூலி 4,000 ரூபாவும் கழிய, எஞ்சுவது 1,13,500 ரூபா.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று நீக்கி, தொண்ணூறு கிலோவுக்கு மட்டும் பணம் கொடுக்கும் வழக்கம் வட மாகாணச் சந்தைகளில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. கமக்காரர் அதனை எதிர்த்து முறையிட்டும் வந்துள்ளனர். அவ்வாறு கழித்தால் 47½ கிலோவின் பெறுமதியாகிய 12,350 ரூபாவை இழப்பீர்கள். எஞ்சுவது 1,01,150 ரூபா மட்டுமே. இவ்வளவு பாடுபட்டும், தோட்டத்தில் விற்றதிலும் 1,150 ரூபாவே கூடுதலாகக் கிடைக்கும். ஆதலால் விலையை மட்டும் கேளாது, எத்தனை கிலோவுக்குப் பணம் தரப்படும் என்பதையும் முதலிலேயே கேட்டறிதல் வேண்டும்.

முற்பணத்தின் விளைவு

விதை வெங்காயத்துக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முற்பணம் பெறுவோர், விளைச்சலை அவருக்கே கொடுக்க உடன்படுவது வழக்கம். அந்நிலையில் வழியைத் தெரிவு செய்யும் உரிமை விதைப்பதற்கு முன்னரே கைநழுவிவிடுகின்றது. வட்டி என்று எழுதப்படாவிடினும், குறைந்த விலையே வட்டியாக அறவிடப்படும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் பெற இயலுமாயின் அதனையே நாடுக.

நீங்கள் செய்யத்தக்கவை

1. இலைகள் பழுத்துச் சாய்ந்த பின்னரே வெங்காயத்தைக் கிண்டுக. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்னரே நீர் இறைப்பதை நிறுத்துக. ஈரமான வெங்காயம் தூர வழியில் அழுகும். அந்நட்டத்தை எதிர்பார்த்தே வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

2. கிண்டிய வெங்காயத்தைக் கடும் வெயில் படாதவாறு, இலையால் கிழங்கை மூடிக் காயவிடுக. பின்னர் பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலில் தொங்கவிடுக.

3. அழுகியதையும் காயம்பட்டதையும் நீக்குக. பெரியது, சிறியது எனத் தரம் பிரித்து விற்றால், சிறியதன் விலைக்குப் பெரியதைக் கொடுக்க நேராது. காற்றோட்டமுள்ள வலைப்பைகளைப் பயன்படுத்துக.

4. விற்பதற்கு முன்னர் குறைந்தது இரண்டு சந்தைகளின் விலையை விசாரித்து அறிக. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் வெளியிடும் சந்தை விலை விபரங்களையும் பார்க்கலாம்.

5. யாவரும் ஒரே வாரத்தில் விற்றால் விலை வீழும்; இறக்குமதி வெங்காயம் வந்து குவியும் காலத்திலும் வீழும். நன்கு காய்ந்த வெங்காயத்தில் ஒரு பகுதியை வைத்திருந்து பிரித்து விற்பது நன்று. ஆயினும், விலை ஏறும் என்று நம்பி முழுவதையும் தேக்கிவைத்தல் தகாது.

6. அயலவர் ஐவர் அல்லது பதின்மர் சேர்ந்து ஒரு லொறியை நிரப்புக. தனியாளின் மூன்று சாக்கைத் தேடி வராத மொத்த வியாபாரி, நிறைந்த லொறிக்கு விலை பேசுவார். கமக்காரர் அமைப்பு வாயிலாக இதனைச் செய்தல் எளிது.

7. முத்திரையிட்ட தராசில் உங்கள் கண்முன்னே நிறுக்கச் செய்க. நிறை, விலை, கழித்த தொகை ஆகியன எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக.

முடிவுரை

எல்லாக் கமக்காரருக்கும் ஏற்ற ஒரே வழி என்று ஒன்றில்லை. நூறு கிலோ உள்ளவருக்கு அயற்சந்தை நன்றாகலாம். பலர் சேர்ந்து ஐயாயிரம் கிலோ திரட்டினால் தூரச் சந்தை நன்றாகலாம். எவ்வழியாயினும், கணக்குப் பார்த்துத் தெரிவு செய்தல் வேண்டும். அடுத்த போகத்துக்குக் குறிப்புப் புத்தகம் ஒன்று வைத்து, செய்கைச் செலவை ஒரு பக்கத்திலும் விற்பனைச் செலவை மறு பக்கத்திலும் எழுதி வருக. ஐயம் எழுமாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. அல்லது 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறுக.