குண்டு வெடிக்காத ஊர்களில்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய விடுதிகளிலும் இஸ்லாமியத் தீவிரவாதத் தற்கொலைக் குண்டுதாரிகள் ஏறத்தாழ 270 பேரைக் கொன்றார்கள். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் உள்ள கொடிகாமத்தில் அன்று எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் அந்தத் தாக்குதலின் பின்விளைவுகள் தென்மராட்சிவரை வந்தன.

தாக்குதல் வரப்போகிறது என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா எச்சரித்திருந்தது. அதிகாரம் போதாமல் அல்ல, கையில் இருந்த தகவலைக் கவனிக்காமல் விட்டதால்தான் அத்தனை உயிர்கள் போயின. அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன அதற்காக 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அரசு தேடிய மருந்தோ இன்னும் கூடுதலான அதிகாரம். அவசரகாலச் சட்டம் வந்தது. ஏ-9 வீதியில் சோதனைகள் மறுபடி இறுகின. மே 3ஆம் திகதி யாழ். பல்கலைக்கழகத்தைப் படையினர் சோதனையிட்டார்கள். பிரபாகரனின் படம் இருந்ததாகச் சொல்லி மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார்கள். தேவாலயக் குண்டுகளுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு?

அந்தச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்து, 1982இல் நிரந்தரமானது. குற்றப்பத்திரம் இல்லாமலே 18 மாதம் தடுத்து வைக்க முடிந்தது. 2022இல்தான் அது 12 ஆகக் குறைந்தது. பொலிஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகிவிடும். தமிழ் இளைஞர்கள் பட்ட பாட்டைத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்களும் பட்டார்கள். கவிதைத் தொகுப்பு ஒன்றுக்காக 2020 மே மாதம் இதே சட்டத்தில் கைதான கவிஞர் அஹ்னாப் ஜஸீமுக்கு 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இழந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

தாக்குதல் நடந்த அதே வாரத்தில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். பாதுகாப்புத் தருவேன் என்று வாக்குக் கேட்டு நவம்பரில் வென்றார். மக்களின் பயத்துக்கு அந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அந்த வெற்றியின் விளைவும் தென்மராட்சிக்கு வந்தது. கொடிகாமத்துக்குப் பக்கத்து ஊர் மிருசுவில். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த சிலர் தங்கள் வீடுவளவைப் பார்க்க அங்கே வந்தார்கள். 5 வயதுக் குழந்தை உட்பட 8 பேர் கொல்லப்பட்டுக் குழியில் போடப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்காக இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை கிடைக்க 2015 ஆயிற்று. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. போர்க்காலக் கொலைகளுக்குத் தமிழர் பெற்ற மிக அரிதான தீர்ப்புகளில் அது ஒன்று. 2020 மார்ச் 26 அன்று, ஜனாதிபதி கோட்டாபய அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து விடுதலை செய்தார்.