டோக்கியோவிலிருந்து எவ்வளவு தூரம்?

1964-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று, ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கச் சில தினங்களே இருக்கையில், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோது, விமானமும் மோட்டாரும் பெருகிவரும் யுகத்தில் ரயில்வே அஸ்தமித்துவரும் தொழில் என்று பல தேசங்களிலும் நிலவிய அபிப்பிராயம் ஆட்டங்கண்டது. எஞ்சினீயர்களின் சாமர்த்தியம் அவ்வெற்றிக்குக் காரணம் என்பது மெய்யே; ஆயினும், அவ்விரு நகரங்களும் ஏறக்குறைய 515 கிலோமீட்டர் இடைவெளியில், நடுவே யோகோஹாமா, நகோயா, கியோட்டோ ஆகிய ஜனநெருக்கம் மிகுந்த பட்டணங்களை ஒரே சரத்தில் கோத்தாற்போல் அமைந்திருந்ததும் அதற்குச் சற்றும் குறையாத காரணம்.

ஆறரை மணி நேரம் பிடித்த அந்தப் பிரயாணம் முதலில் நான்கு மணியாகவும், மறு வருஷமே மூன்று மணி பத்து நிமிஷமாகவும் சுருங்கி, இன்று இரண்டரை மணிக்கும் குறைந்துவிட்டது.

பாதை மேற்கே நீண்டு 1975-ல் ஹகாட்டாவை, அதாவது ஃபுகுவோகா நகரத்தை, எட்டியதும் தூரத்தின் ஆதிக்கம் வெளிப்பட்டது. டோக்கியோவிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரத் தொலைவிலுள்ள ஹிரோஷிமாவுக்குச் செல்வோரில் இன்றும் ரயிலேறுவோரே மிகுதி. இன்னும் ஒரு மணி நேரமே அப்பாலுள்ள ஃபுகுவோகாவுக்கோ பெரும்பாலோர் விமானத்தையே நாடுகிறார்கள். இதனை ஜப்பானியர் ‘நான்கு மணிச் சுவர்’ என்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் இவ்வளவு பெரிய பேதத்தை உண்டாக்கிவிடவில்லை. ஹிரோஷிமாவின் விமான நிலையம் 1993-ல் ஊரைவிட்டு மலைப்பாங்கான இடத்துக்குப் பெயர்ந்துவிட்டபடியால், இறங்கியவர் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் போயாகவேண்டும். ஃபுகுவோகாவின் விமான நிலையமோ ஹகாட்டா ஸ்டேஷனிலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தம்! பிரயாணி கணக்கிடுவது வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல்வரை கழியும் பொழுதையே என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

மிகவும் அண்மையிலுள்ள ஊர்களுக்கும் இந்த ரயிலால் பெரிய அனுகூலம் இல்லை. பூரண வேகத்தை எட்டவே பல கிலோமீட்டர் ஓடவேண்டிய வண்டி, எட்டியவுடனே நிற்க நேர்ந்தால், அத்தனை திரவியம் செலவிட்டுப் பாதை போட்டதன் பயன் யாது? அங்கே சாதாரண ரயிலும் மோட்டாருமே போதும்.

இந்தியாவில், ஜப்பானின் கடனுதவியோடு அந்நாட்டு முறையையே பின்பற்றி, மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே அமைந்துவரும் பாதையின் நீளம் 508 கிலோமீட்டர்.