மோடமும் ஒரு கணக்குப்பிள்ளைதான்!

1990-களில் மோடம் வைத்திருந்தவர்களுக்கு அந்த 'கீ...ங், கர்ர்ர்' சத்தம் மறந்திருக்காது. டெலிபோன் பில்லும்தான்!

மோடத்துக்கு உத்தரவு போடுவது பிரம்ம வித்தை இல்லை. 1981-ல் ஹேய்ஸ் கம்பெனி கொண்டு வந்த பாஷை அது. 'ஏ.டி.' என்றால் 'கவனி'. கூட 'டி.டி.' சேர்த்து நம்பரை அடித்தால் டயல் செய்யும். 'எச்' சேர்த்தால் போனை வைத்துவிடும்.

லைன் கிடைத்த பிறகுதான் அசல் வேலை. அந்தக் கரகரப்பில் ஃபைல் சேதாரமில்லாமல் போய்ச் சேர வேண்டுமே? சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சன் 1977-ல் ஒரு வழி செய்தார். பெயர் எக்ஸ்மோடம். ஃபைலை 128 பைட் பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் கடைசியிலும் கூட்டுத்தொகை எழுதி அனுப்பும். எதிர்முனையும் கூட்டிப் பார்க்கும். டேலி ஆனால், 'சரி, அடுத்தது!' ஆகாவிட்டால், 'மறுபடி அனுப்பு!'

பி.காம். மூளை சும்மா இருக்குமா? இரண்டு எண்கள் இடம் மாறி உட்கார்ந்தாலும் கூட்டுத்தொகை மாறாதே! டிரயல் பேலன்ஸ் டேலியாகியும் கணக்கு உதைக்குமே, அதே வியாதி. அதற்கு மருந்தாக வந்தது சி.ஆர்.சி. கூட்டாமல், வகுத்து மீதியைப் பார்க்கும். இடம் மாறினால் மீதி காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, லைனே அறுந்தால்? 9600 வேகத்தில் ஒரு மெகாபைட் போக 18 நிமிஷமாவது ஆகும். பதினேழாவது நிமிஷம் கட் ஆனால், எக்ஸ்மோடத்தில் மறுபடி பிள்ளையார் சுழி! 1986-ல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பர்ஸ் பிழைத்தது.

டீ குடிக்கப் போய்த் திரும்பும் ஆபீஸ் நண்பர்களுக்கும் அப்படி ஒரு புரோகிராம் யாராவது எழுதினால் தேவலை!