மன்னர் வாங்காத தேர்

உலகிலேயே ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்ட மோட்டார் கார் பல கோடி ரூபாய்க்கு விலை போயிற்று என்ற செய்தி வரும்போதெல்லாம் நம் விடுதியில் இரண்டு கட்சிகள் எழுகின்றன. "என்ன வேகம்! என்ன அழகு!" என்று வியப்பது ஒரு கட்சி. "ஏழை நாட்டில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று சினப்பது மற்றொரு கட்சி. பௌதிகம் பயிலும் எனக்கு எழும் கேள்வி வேறு. அந்த விலை எதற்குக் கொடுக்கும் விலை? இரும்புக்கா, வேகத்துக்கா, அறிவுக்கா, அல்லது வேறெவரிடமும் இல்லை என்னும் அருமைக்கா? விடை காண ஒரு பழைய காரின் கதை உதவும்.

இத்தாலியில் 1881-இல் பிறந்து, அல்சாஸ் பகுதியில் மோல்ஷைம் என்னும் சிற்றூரில் தொழிற்சாலை நிறுவியவர் எட்டோரே புகாட்டி. கலைக் குடும்பத்தில் தோன்றியவர். அவர் தம்பி ரெம்பிராண்ட், விலங்குகளை வடிப்பதில் பெயர் பெற்ற சிற்பி. பந்தயக் கார்களால் புகழடைந்த எட்டோரே, 1920-களின் பிற்பகுதியில், மன்னர்கள் ஏறிச் செல்லத்தக்க ஒரு காரைப் படைக்கத் துணிந்தார். அதற்கு வழங்கிய பெயரே 'ராயல்'. இருபத்தைந்து கார்கள் செய்வதென்பது திட்டம்.

அதன் பருமனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 125 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 130 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பைத் தூரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1.6 லிட்டர் வரும். நம் தெருக்களில் ஓடும் சிறு கார்கள் பலவற்றில் எல்லாச் சிலிண்டர்களையும் கூட்டினாலும் இந்த அளவு வருவதில்லை. 'ராயல்' காரிலோ இத்தகைய சிலிண்டர்கள் எட்டு! மொத்தம் 12.7 லிட்டர், திறன் ஏறத்தாழ 300 குதிரைச் சக்தி. வண்டியின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல். எடை மூன்று டன் அளவில். ரேடியேட்டரின் மூடிமேல், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஒரு யானை. 1916-இல் மறைந்த தம்பியின் சிற்பம் அது.

அக்காலத்தில் இத்தகைய கார்களுக்குச் சட்டமும் இயந்திரமும் ஓரிடத்தில் பிறக்கும். மேற்கூட்டை, வாங்குவோர் விருப்பப்படி, கூடு கட்டும் கைவினைஞர் வேறோரிடத்தில் அமைப்பர். பாரிஸ் நகரத்து ஆடை வணிகர் அர்மாண்ட் எஸ்டர்ஸ் 1932-இல் ஒரு 'ராயல்' காரை வாங்கினார். இரவில் ஓட்டும் எண்ணம் அவருக்கு இல்லையாம். ஆகவே முன்விளக்குகளே இல்லாமல் செய்வித்துக்கொண்டார்! மற்றொன்றை ஜெர்மானிய மருத்துவர் ஒருவரும், இன்னொன்றை ஆங்கிலேயர் ஒருவரும் வாங்கினர். அவ்வளவே. முல்லைக்குத் தேர் ஈந்த மன்னனை நாம் அறிவோம். இங்கே தேர் காத்து நின்றது, மன்னர் ஒருவரும் வரவில்லை. 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகையே உலுக்கிற்று. ஆறு கார்களோடு திட்டம் நின்றது. மூன்று விற்றன; மூன்று புகாட்டியிடமே தங்கின.

வீணாய்க் கிடந்த இயந்திரங்களை என் செய்வது? இங்கேதான் கதை சுவை பெறுகிறது. புகாட்டி அவற்றைத் தண்டவாளத்தில் ஏற்றினார். 1933-இல், நான்கு 'ராயல்' இயந்திரங்கள் பூட்டிய ரயில்கார் பிரெஞ்சு நாட்டில் ஓடத் தொடங்கிற்று. இயந்திரம் ஒவ்வொன்றையும் 200 குதிரைச் சக்திக்கு அடக்கி, மொத்தம் 800 ஆக்கினர். முன்னும் பின்னும் ஒரே வடிவில் சரிந்த முகம். ஓட்டுநருக்கு இடம் நடுவே, கூரைக்கு மேல் எழும்பிய ஒரு சிறு கூண்டில். சோதனை ஓட்டத்தில் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் சென்றது அந்த வண்டி. 1938-க்குள் எண்பத்தெட்டு ரயில்கார்கள் உருவாயின. அவை 1950-களிலும் பயணிகளைச் சுமந்தன.

காராகத் தோற்ற இயந்திரம் ரயிலில் வென்றது எப்படி? விஞ்ஞானம் விடை சொல்லும். பெரிய சிலிண்டர், மெதுவான சுழற்சி. ஆகவே தேய்மானம் குறைவு, இழுக்கும் வலிமை மிகுதி. தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடவேண்டிய வண்டிக்கு வேண்டிய குணங்கள் இவையே. மேலும், எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது, சாலையில் ரப்பர்ச் சக்கரம் உருள்வதைவிட மிகக் குறைந்த ஆற்றலே வீணாகும். எஞ்சிய பெரும் பகை காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். அந்தப் பகையைத் தணிக்கவே சரிந்த முகம். ஒரு சீமானுக்காகப் பிறந்த ஆற்றல், பயணச் சீட்டு வாங்கிய எவருக்கும் பொதுவாயிற்று. ஊர் செல்ல இரண்டு இரவுகளை ரயிலில் கழிக்கும் நமக்கு அதன் அருமை விளங்காமற் போகுமா?

மறுபுறம், அந்த ஆறு கார்கள் என்ன ஆயின? ஜெர்மானிய மருத்துவரின் கார், பனியில் இயந்திரம் வெடித்து, நியூயார்க் நகரத்துப் பழைய இரும்புக் கிடங்கைச் சேர்ந்தது. அமெரிக்கப் பொறியியலார் ஒருவர் அதை மீட்டுச் செப்பனிட்டார். விற்காத கார்களுள் இரண்டை 1950-இல் மற்றோர் அமெரிக்கர் வாங்கினார். விலையில் ஒரு பகுதியாக இரண்டு குளிர்பதனப் பெட்டிகள் கொடுத்தார் என்றுகூட ஒரு கதை வழங்குகிறது! அவ்விரண்டில் ஒன்று 1987-இல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. அதே இரும்பு, அதே எட்டுச் சிலிண்டர். ஒரு குதிரைச் சக்திகூடக் கூடவில்லை. கூடியது அருமை ஒன்றே.

'ராயல்' காரின் அருமை தோல்வியால் விளைந்தது. இக்காலத்து அருமையோ முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்வது. புகாட்டி என்னும் பெயரை 1998-இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் வாங்கிற்று. 2019-இல் ஜெனீவாக் கண்காட்சியில், 'லா வுவாத்யூர் நுவார்' என்ற கரிய கார் ஒன்றைக் காட்டினர். உலகுக்கே ஒன்றுதான்; வரி நீங்கலாக விலை 1 கோடியே 10 லட்சம் யூரோ. பதினாறு சிலிண்டர், 1,500 குதிரைச் சக்தி. சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சில பத்துக் குதிரைகள் போதும். மற்றவை லாயத்தில் உறங்க வேண்டியவையே.

இதனால் அந்தக் கார்களைச் செய்தவர்களை நான் இகழவில்லை. அவற்றுள் உறையும் உலோகவியலும் கணக்கும் கைத்திறனும் வணங்கத்தக்கவை. விலைச்சீட்டு அவற்றை அளக்கவில்லை என்பதே நான் சொல்ல வந்தது. ஏலக்காரர் எண்ணுவது, அது எத்தனை பேரிடம் இல்லை என்பதை. விஞ்ஞானி எண்ண வேண்டியது, அது எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதை.

பிரெஞ்சு நாட்டு மூலூஸ் நகரில் இரண்டு காட்சிச் சாலைகள் உண்டு. ஒன்றில் இரண்டு 'ராயல்' கார்கள் மின்னுகின்றன. மற்றொன்றில் அதே இயந்திரங்கள் சுமந்த ரயில்கார் ஒன்று நிற்கிறது. தோழர்களே, இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நாமும் கற்ற கல்வியை எங்கோ பூட்டப் போகிறோம். எந்த வண்டியில் பூட்டுவது என்பதை இன்றே எண்ணிப் பார்ப்பது நல்லது.