இணையமும் நட்பும்

கல்வி பயில்வார்க்குத் தாம் நாள்தோறும் கையாளும் பொருளின் இயல்பை ஆராய்ந்தறிதல் ஒரு கடமையாம். சோறுண்போன் நெல் விளையும் முறையை அறியாதிருத்தல் இழுக்கென்பர் நம் ஊர்ப் பெரியோர். அங்ஙனமாகவும், காலை எழுந்தது முதல் இரவு கண்துயிலும் வரை இணையத்தின் துணையின்றி ஒரு நாழிகையும் கழியாத நம்மனோருட் பலர், அஃது எவ்வாறு இயங்குகின்றதென்பதை ஒருகாலும் எண்ணிப் பார்த்ததில்லை. யானும் அப்பலருள் ஒருவனாகவே இருந்தேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை விடுதியின் முன்றிலில் அமர்ந்திருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் தம் கைபேசியை வானை நோக்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நான் ஊருக்கு அனுப்பும் செய்தி மேகத்துக்கு மேலே இருக்கிற துணைக்கோளுக்குத்தானே போகிறது?" என்று வினவினார். யாப்பருங்கலக் காரிகையில் ஓர் ஐயம் கேட்டிருப்பின் ஒருவாறு விடையிறுத்திருப்பேன். இதற்கு விடையறியாது விழித்தேன். அன்று தொடங்கிப் பௌதிக வகுப்பு நண்பர்களை வினவியும் நூல்நிலையத்தில் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். பிழை காண்போர் பொறுத்தருள்க.

இணையம் என்பது ஒரு பொறியின் பெயரன்று. ஓரிடத்தில் அமைந்த நிலையத்தின் பெயருமன்று. எண்ணிறந்த கணினிகள் சிறு சிறு வலைகளாகப் பிணைக்கப்பட்டு, அவ்வலைகள் தம்முள் ஒன்றோடொன்று பிணைந்து உலகளாவி நிற்கும் பெருவலையே அஃதாம். நம் கல்லூரிக் கணினிகள் ஒரு வலை. ஒரு வங்கியின் கணினிகள் மற்றொரு வலை. கைபேசி நிறுவனத்தினது பிறிதொரு வலை. இவற்றையெல்லாம் ஆளும் அரசன் ஒருவன் இலன். பொதுவான சில ஒழுங்குகளை யாவரும் ஒப்புக்கொண்டு நடத்தலே இவற்றை ஒன்றாக்குகின்றது. ஊர்கள் பலவாயினும் சாலைவிதி ஒன்றாயிருத்தலால் வண்டிகள் முட்டாது செல்லுதல் போலாம் இது.

இனி, நாம் எழுதும் செய்திக்கு யாது நேர்கின்றதெனப் பார்ப்போம். கணினி அறிந்த குறிகள் சுழியும் ஒன்றும் ஆகிய இரண்டே. 'நட்பு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு எண் வகுத்துள்ள யூனிக்கோடு முறையில் இச்சொல் ந, ட, புள்ளி, ப, உகரக்குறி என ஐந்து உறுப்புக்களாகப் பகுக்கப்படும். இன்று பெருவழக்காயுள்ள யூடிஎஃப்-8 முறைப்படி இவ்வுறுப்பு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகும். ஒரு பைட்டு என்பது சுழியும் ஒன்றுமாகிய இலக்கங்கள் 8 கொண்டது. ஆகவே, 'நட்பு' என்பது 15 பைட்டுகளாய், 120 இலக்கங்களாய் மாறி வெளிப்போகின்றது. மெய்யெழுத்திற்குத் தொல்காப்பியர் விதித்த புள்ளி இற்றைநாள் 24 இலக்கங்களாய்க் கடல் கடந்து செல்கின்றதென்பதை நினையுந்தோறும் தமிழ் மாணவனாகிய என் உள்ளம் உவகையுறுகின்றது.

இவ்விலக்கத் தொடர் நெடியதாயின் முழுமையாக ஒரே பொருளாய்ச் செல்வதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுகளுக்கு மேற்படாத சிறு பொதிகளாகத் துணிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் தலையிலும் அனுப்புவோன் முகவரி, பெறுவோன் முகவரி முதலியன பொறிக்கப்படும். இத்தொடரில் இஃது எத்தனையாவது இடத்திற்குரியது என்பதைக் காட்டும் எண்ணும் உடன் செல்லும். பெரியதொரு நூலை ஏடு ஏடாகப் பிரித்து, ஏட்டுக்கு ஓர் உறையாக அஞ்சலில் இடுவதை ஒக்கும் இது. ஏடுகள் வெவ்வேறு வழியிற் சென்று முன்பின்னாகச் சேரினும், எண் இருத்தலால் பெறுவோன் அவற்றை அடுக்கி நூலாக்கிக் கொள்வான்.

இவ்வாறு துணிப்பதன் பயன் யாதெனின், கூறுவேன். பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசத் தொடங்கினால், அவர் பேசி முடியுங்காறும் ஒரு வழி அவர்க்கே உரியதாகிவிடும். அவர் வாய்மூடி இருப்பினும் பிறர்க்கு அது பயன்படாது. தனியொருவன் செல்வதற்காகப் புகைவண்டி முழுவதையும் அமர்த்துதல் போல்வது அது. பொதிமுறையிலோ, பல்லாயிரவர் செய்திகள் ஒரே வழியில் வண்டிகள் போல அடுத்தடுத்துச் செல்லும். ஒரு பாதை அறுந்தாலும் மற்றொரு பாதையிற் செல்லலாம். அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும் 1960-களில் தனித்தனியே இம்முறையைக் கண்டனர். பொதி என்னும் பொருள்படும் பாக்கெட் என்ற பெயரை இதற்கு இட்டவர் டேவிஸ்.

பொதிக்கு வழிகாட்டுவோர் யாவர்? திசைவிகள் எனப்படும் கருவிகளே. திசைவி ஒவ்வொன்றும் பொதியின் முகவரியை நோக்கி, 'இதனை அடுத்து யாரிடம் ஒப்புவிப்பது?' என்பதை மட்டும் முடிவு செய்யும். முழுவழியையும் அறிந்த திசைவி ஒன்றும் இல்லை. வழி தவறிய பொதி என்றென்றும் சுழன்று திரியாதபடி ஒரு காப்பும் உண்டு. புறப்படும்போதே பொதிக்கு ஓர் எண் கொடுக்கப்படும்; திசைவி ஒன்றைக் கடக்குந்தோறும் அவ்வெண்ணில் ஒன்று குறையும்; சுழியானவுடன் பொதி நீக்கப்படும்.

முகவரி என்றது எண்களாலாகிய முகவரியை. முதலில் வகுத்த 32 இலக்க முறையால் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே கிடைக்கும். அவை போதாமையின் 128 இலக்கங்கொண்ட புதுமுறையும் வழக்கில் வந்துள்ளது. நாமோ எண்களை நினைவில் வைப்பதில்லை, பெயர்களையே எழுதுகின்றோம். நண்பன் பெயர் நமக்குத் தெரியும்; கதவெண் தெரிந்தாலன்றி அஞ்சற்காரர் கடிதம் கொடுத்தல் இயலாது. பெயரைக் கொடுத்தால் எண்ணைக் கூறும் பெயர்ப்பதிவு முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் 1983-ஆம் ஆண்டில் வகுத்தார்.

வழியிற் பொதி தொலைந்துபோதலும் உண்டு. திசைவிகள் இயன்றவரை முயலுமேயன்றி உறுதி கூறுவதில்லை. உறுதி தருவது வழியின் இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் ஒழுக்கமே. டிசிபி என்னும் அவ்வொழுக்கத்தின்படி, முதற்கணினி 'பேசலாமா?' என்று கேட்கும். மற்றது 'பேசலாம், நான் கூறுவது கேட்கின்றதா?' என்னும், முதலது 'கேட்கின்றது' என்று விடையிறுக்கும். இம்மூன்று மொழிகளையும் ஆங்கிலர் கைகுலுக்கல் என்றே வழங்குகின்றனர். பின்னர்ப் பொதிகள் செல்லத் தொடங்கும். வந்து சேர்ந்தவற்றிற்குப் பெறுவோன் 'பெற்றேன்' என ஒப்புகை விடுப்பான். குறித்த காலத்துள் ஒப்புகை வாராதாயின், அனுப்பியோன் சினவாமல் அப்பொதியையே மீண்டும் அனுப்புவான்.

இனி, முதலாண்டு மாணவர் வினாவிற்கு வருவோம். துணைக்கோள் வழியும் உண்டெனினும், நம் செய்திகளிற் பெரும்பாலன வானேறுவதில்லை. கைபேசியினின்று அருகிலுள்ள கோபுரம் வரையிற்றான் அவை அலைவடிவிற் செல்லும். அதன்பின் நிலத்தடியிலும் கடலடியிலும் கிடக்கும் வடங்களின் வழியே ஓடும். அவ்வடங்களின் உள்ளே மயிரிழை போன்ற கண்ணாடி நூல்கள் உள. அவற்றினூடே ஒளியே செய்தியைச் சுமந்து செல்கின்றது. சென்னையினின்று சிங்கப்பூருக்கு 2002-ஆம் ஆண்டில் இடப்பட்ட கடலடி வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்ணாடியில் ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆதலின், ஒரு விநாடியை அறுபது கூறிட்டால் ஏறத்தாழ ஒரு கூற்றுள் நம் 'நட்பு' அக்கரை சேர்ந்துவிடும். முன்னோர் கலங்கள் பல நாள் காற்றை எதிர்நோக்கிச் சென்ற கடல் இது.

இவ்வளவு விந்தையும் தோன்றிய வரலாற்றை ஆராய்ந்தபோது, யான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். அதன் வேரில் நட்பு இருந்தது.

அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வான் நைஸ் என்னும் உயர்நிலைப் பள்ளியில் விண்டன் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் என்னும் இருவர் உற்ற தோழராய்ப் பயின்றனர். ஜான் போஸ்டல் என்பவரும் அப்பள்ளி மாணவரே. பின்னர் மூவரும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் பிரிவில் ஆராய்ச்சி மாணவராயினர். இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் அங்கேதான் முதலில் நிறுவப்பட்டது. கணினிகள் தம்முள் உரையாடும் முறையை வகுக்கும் பணி இம்மாணவர் குழுவிடம் வந்தது. தங்கியிருந்த வீட்டில் நண்பர் உறக்கம் கலையாதிருக்கும் பொருட்டுக் கிராக்கர் குளியலறையில் அமர்ந்து முதற்குறிப்பை எழுதினார். அது வெளிவந்தது 1969 ஏப்ரல் 7-ஆம் நாள். இளைஞராகிய தாம் கட்டளை இடுவதாகத் தோன்றலாகாதென்று அஞ்சி, 'கருத்துரை வேண்டல்' என்னும் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். இணையத்தின் விதிகள் இன்றும் அப்பணிவான பெயராலேயே வெளிவருகின்றன.

அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, அப்பல்கலைக்கழக மாணவராகிய சார்லி கிளைன், ஏறத்தாழ 560 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு 'லாகின்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்துக்களால் அனுப்ப முயன்றார். எல், ஓ என்னும் இரண்டெழுத்தும் சென்றன. மூன்றாவதில் அக்கரைக் கணினி நின்றுபோயிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின் குறை திருத்தி மீண்டும் அனுப்ப, முழுச்சொல்லும் சேர்ந்தது. உலகையளந்த இணையத்தின் முதல் மொழி அரைகுறையாய் நின்ற மழலையே. பிற்காலத்தில் செர்ஃப், ராபர்ட் கான் என்பவரோடு கூடி டிசிபி ஒழுக்கத்தை வகுத்து 1974-இல் வெளியிட்டார். 1983 ஜனவரி 1 முதல் ஆர்ப்பாநெட் முழுவதும் அதனைக் கைக்கொண்டது.

போஸ்டல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அக்கருத்துரைக் குறிப்புக்களின் பதிப்பாசிரியராயிருந்தார். கணினிகளுக்கு அவர் வகுத்த நெறி ஒன்று உண்டு. பிறர்க்கு அனுப்புவதில் மிகுந்த கவனம் வேண்டும். பிறரிடமிருந்து வருவது சிறிது பிழையுடையதாயினும் பொறுத்து ஏற்றல் வேண்டும் என்பது அதன் கருத்து. பொறிகளுக்குக் கூறிய இவ்விதி மக்கட்கு, அதிலும் நண்பர்க்கு, எத்துணைப் பொருந்துகின்றது! போஸ்டல் 1998 அக்டோபரில் மறைந்தபோது, செர்ஃப் எழுதிய இரங்கலுரை அக்குறிப்புக்களின் வரிசையிலேயே 2468-ஆம் எண்ணில் ஏறிற்று. விதிநூலினிடையே ஒரு கையறுநிலை நிற்பதைக் கண்டு வியந்தேன்.

காணாத நட்பு தமிழர்க்குப் புதிதன்று. உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோது, 'ஆந்தையார் வருவார், அவர்க்கும் இடம் ஒதுக்குக' என்றான். அவரும் வந்தார், உடனிருந்து உயிர் நீத்தார். அவர்களிடையே வடமும் இல்லை, திசைவியும் இல்லை. நட்பிற்கு வழி வேண்டுவது உண்மையே. ஆயினும் வழியே நட்பாகிவிடாது.

இதனை யான் நூலால் மட்டும் அறிந்தேனல்லேன். என்னோடு பத்தாண்டு பயின்ற தோழன் ஒருவன், தந்தையார் மறைந்தமையால் படிப்பை விடுத்துத் திருப்பூரில் பனியன் தொழிற்சாலை ஒன்றில் பணிக்குச் சேர்ந்தான். சென்ற ஆண்டு ஆடித்திங்களில், 'மனது சரியில்லை, ஒருநாள் பேச வேண்டும்' என எனக்கு எழுதினான். அப்போது படித்தேன், தேர்வு நெருங்கியமையால் பின்னர் எழுதுவோமென்று விடுத்தேன், அந்தப் பின்னர் வரவேயில்லை. 'பெற்றேன்' என்பது செய்தி சேர்ந்ததற்குச் சான்றேயன்றி, உள்ளத்தைச் சேர்ந்ததற்குச் சான்றன்று என்னும் பகுதியை எழுதப் புகுந்த இரவில், அவன் நினைவு வந்து என் கை நின்றது. நான்கு திங்கள் கழித்து அவனை அழைத்தேன். "நீ படித்துவிட்டாய் என்று நீலக்குறி அன்றே சொல்லிற்றடா, நீதான் ஒன்றும் சொல்லவில்லை," என்றான். பிறகு சிறிதுநேரம் இருவரும் பேசவில்லை. பின்பு இரவு பன்னிரண்டு மணிவரை பேசினோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் திருப்பூர் சென்று அவனோடு இரண்டு நாள் தங்கி வந்தேன்.

அன்பர்களே! ஒப்புகை வாராதவிடத்து மீண்டும் அனுப்பும் பொறுமை பொறிக்கு உண்டு. மக்கட்கு அது குறைவு. நம் செய்தியை எதிர்நோக்கி எத்துணை நாள் ஒருவர் காத்திருப்பார் என்பதை நாம் அறியோம். விடையிறுக்கப்படாத மடல் ஒன்று உங்கள் கைபேசியில் இருக்குமாயின், இக்கட்டுரையை மூடிவைத்துவிட்டு இன்றே அதற்கு விடை எழுதுங்கள். 120 இலக்கங்களே போதும்.