பயிற்சியாளரின் பெருமைப் பேச்சு: அணிக்குப் பலமா, பாரமா?

"எங்கள் பிள்ளைகள் மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள், பாருங்கள்!" என்று ஒரு பயிற்சியாளர் மைதானத்து ஓரத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறார். நாம் கை தட்டுகிறோம். ஆனால் பந்தை உதைக்க வேண்டியவர்கள் அந்தப் பதினொரு பேர் அல்லவா? அந்தப் பேச்சு அவர்கள் காலுக்கு வலு சேர்க்கிறதா, அல்லது காலில் கட்டிய கல்லாகிவிடுகிறதா? இதற்கு நம் நாட்டுக் கால்பந்து வரலாற்றிலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கல்கத்தாவில் நடந்தது

1997 ஜூலை 13. கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம். பெடரேஷன் கோப்பை அரையிறுதியில், பரம்பரைப் போட்டியாளர்களான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. கூடியிருந்தவர்கள் ஏறத்தாழ 1,31,000 பேர்! நமது வேலூர்க் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சிக் கூட்டத்தைக் கண்டே வியக்கும் நமக்கு, அந்த மனிதக் கடலைக் கற்பனை செய்வதுகூடக் கடினம்தான்.

மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. அவர் சாமானியர் அல்லர். இங்கிலாந்து சென்று முறையாகப் பயிற்சிக் கலையைக் கற்று வந்தவர். அந்த ஆண்டு 'டயமண்ட்' என்னும் தாக்குதல் முறையை வகுத்திருந்தார். அணியும் வெற்றி மேல் வெற்றியாகக் குவித்து அரையிறுதிக்கு வந்திருந்தது. அவருக்குத் தம் முறையில் நம்பிக்கை இருந்ததில் தவறே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை எதிரணியினரைக் கேலி செய்யும் அளவுக்குப் போயிற்று. பைச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார். கென்யாவிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர் சாமி ஒமோலோவை 'ஆம்லெட்' என்றார். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி கிடைத்தது.

பைச்சுங்குக்கு அப்போது 20 வயது. சிக்கிமின் மலைக் கிராமத்திலிருந்து வந்த இளைஞர். அவருடைய பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி அந்தக் கேலியை வீணாக்கவில்லை. தம் ஆட்டக்காரர்களிடம் அதையே எடுத்துக் காட்டி ரோஷத்தை மூட்டினார். முடிவு என்ன? ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. நான்கில் மூன்று கோல்களை அடித்தவர் பைச்சுங்!

தோல்விக்குப் பேச்சு மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. எல்லோரும் முன்னேறித் தாக்கும்போது பின்புறம் இடைவெளி விழும். வேகமான ஆட்டக்காரர் அதில் புகுந்துவிடுவார். ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அமல் தத்தாவின் பேச்சால் பலம் பெற்றது அவருடைய அணி அல்ல, எதிரணிதான்.

இன்னொன்றும் உண்டு. வென்ற ஈஸ்ட் பெங்கால் இறுதிப் போட்டியில் கோவாவின் சல்காவ்கர் அணியிடம் தோற்றது. அந்த அணியை யாரும் கேலி செய்து ஈஸ்ட் பெங்காலுக்கு ரோஷம் ஊட்டவில்லை! பிறர் மூட்டிய கோபம் ஒரு நாளைக்கு உதவலாம். கோப்பை வரை கூட வருவதில்லை.

அறைக்குள் பேசிய ஆசிரியர்

அப்படியானால் பயிற்சியாளர் வாயே திறக்கக் கூடாதா? அப்படியன்று. பானர்ஜி நிறையப் பேசுபவர். அவர் பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர். ஆனால் அந்த டானிக்கை அவர் கொடுத்தது உடைமாற்றும் அறைக்குள், தம் பிள்ளைகளுக்கு.

பானர்ஜி தாமும் ஒரு பெரிய பயிற்சியாளரிடம் ஆடியவர். அவர்தான் ஐதராபாத்தின் சையத் அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. ரகீமோ புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். அவர் வெளியில் சவால் விடவில்லை. தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னெயில் சிங்கைத் தடுப்பாட்டத்திலிருந்து முன்வரிசைக்கு மாற்றினார். இறுதிப் போட்டியில் மீண்டும் அதே தென் கொரியா. அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பானர்ஜி ஒரு கோல், ஜர்னெயில் சிங் ஒரு கோல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2–1 என்று தங்கப் பதக்கம் நமதாயிற்று. அடுத்த ஆண்டே ரகீம் காலமானார். அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.

வெளிநாட்டுச் சாட்சிகள்

1978 உலகக் கோப்பைக்குப் புறப்பட்ட ஸ்காட்லாந்தின் மேலாளர் ஆலி மக்லியாட், பதக்கத்தோடு வருவோம் என்று நாட்டையே நம்ப வைத்தார். ஆடுமுன்பே பெரிய வழியனுப்பு விழா! ஆனால் முதல் எதிரியான பெருவின் ஆட்டத்தை அவர் நேரில் சென்று பார்க்கவே இல்லை. பெருவிடம் 1–3 என்று தோல்வி, ஈரானோடு 1–1. கடைசியில் ஹாலந்தை 3–2 என்று வென்றும், கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள். பெருமை பேசும் நேரம் ஆயத்தம் செய்யும் நேரத்தைத் தின்றுவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 2004-இல் செல்சீ அணிக்கு வந்த ஜோஸ் மொரீன்யோ தம்மைத் தனிச் சிறப்புடையவர் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். அடுத்த ஆண்டே அந்த அணி 50 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் வென்றது. இதெப்படி? அவர் தம்மைப் பற்றித்தான் பெருமை பேசினார். ஆகவே பத்திரிகைகளின் பார்வையும் ஏச்சும் அவர் மேலேயே விழுந்தன. ஆட்டக்காரர்கள் நிம்மதியாக ஆடினார்கள். அதோடு, சில நாட்களுக்கு முன்தான் போர்ட்டோ அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்திருந்தார். கையில் சரக்கு இருந்தது!

கடனை அடைப்பவர் யார்?

இவற்றிலிருந்து நாம் அறிவது இதுதான். பெருமைப் பேச்சு ஒரு கடன். பேசுகிறவர் வாங்குகிறார். அதை அவரே அடைப்பதானால் அணிக்குச் சுமை குறைகிறது. ஆட்டக்காரர்கள் தலையில் கட்டினால் அவர்கள் கால்கள் தடுமாறுகின்றன. எதிரியை இழிவுபடுத்திப் பேசினாலோ, எதிரிக்கே ஆயுதம் கொடுத்தவர் ஆகிறோம்.

ஒருமுறை பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் புறப்படும்போது, வேனிலேயே "கோப்பை நமதே!" என்று தொண்டை கட்டும்வரை கோஷமிட்டோம். வழியனுப்ப வந்த பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் கோல் நம் வலைக்குள் விழுந்ததும், அதை எப்படித் திருப்புவது என்று நாம் எண்ணவில்லை. ஊருக்குப் போய் என்ன சொல்வது என்றே எண்ணினோம். அன்று நாம் தோற்றது அந்த எண்ணத்தால்தான்.

பெற்றோர்களே, மகள் டாக்டர் ஆவாள், மாவட்டத்தில் முதலாவதாக வருவாள் என்று தெருவெல்லாம் சொல்லும்போதும் இதே கடன்தான் ஏறுகிறது. உங்கள் நம்பிக்கை எங்களுக்கு வேண்டும். அதை வீட்டுக்குள், எங்கள் காதில் சொல்லுங்கள். அதுவே எங்களுக்கு டானிக்.

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாழும் நமக்குத் தோல் பதனிடும் வேலை புதிதன்று. சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் கிடந்துதான் பச்சைத் தோல் பதப்பட்டது அக்காலத்தில். இது நல்ல தோல் என்று வாசலில் நின்று கத்தினால் ஒரு நாள்கூடக் குறையாது. அணியும் அப்படியே.

இராயப்பரை நினைத்துக்கொள்வோம். கடைசி இராவுணவில் எல்லோர் முன்னும் உரக்க உறுதி கூறியவர் அவர். சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்தார். பின்பு ஏரிக்கரையில் ஆண்டவர் மும்முறை கேட்டபோது, மற்றவர்களோடு தம்மை ஒப்பிடாமல் தாழ்மையோடு பதில் சொன்னார். மந்தை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது அப்போதுதான்.

தோழியரே, அடுத்த போட்டிக்குப் போகும்போது கோஷத்தைத் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்வோம்!