மருந்துப் போத்தலில் பிறந்த இசை

அமெரிக்கப் பாடகி போனி ரெயிற்றின் மேடை நிகழ்ச்சிப் படத்தைப் பார்த்தபோது, என் கண்கள் அவரது இடது கையை விட்டு அகலவில்லை. நடுவிரலில் ஒரு கண்ணாடிக் குழாய். அதைக் கம்பிகளில் அழுத்தாமல், மெல்லத் தொட்டு நகர்த்துகிறார். கிற்றார் மனிதக் குரலாய் விம்முகிறது.

1949இல் பிறந்த அவர், பதின்ம வயதில் இசைத்தட்டைக் கேட்டே இதைப் பழகினார். சொல்லித்தர ஆளில்லை. மருந்துப் போத்தலின் தாளை ஊறவைத்து உரித்து விரலில் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் பெரும்பாலும் மோதிர விரலிலோ சுண்டு விரலிலோ மாட்டுவது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அவர் மாற்றவில்லை.

1983இல் இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1989இல் வெளிவந்த 'நிக் ஒவ் ரைம்', அடுத்த ஆண்டு சிறந்த இசைத்தொகுப்புக்கான கிறமி விருதைப் பெற்றது. அப்போது அவருக்கு வயது 40.

சகோதரிகளே, நானும் பார்த்துப் பார்த்தே தையல் பழகியவள். கத்தரி பிடிப்பது பிழை என்பார்கள். இனி அதற்காகக் கூச்சப்படமாட்டேன்.